சாயம் போகாத கல்யாணப் பை

1

எங்கள் வீட்டில் பைகளுக்கு நான்கு ஆணி உண்டு. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இரண்டு. ஒன்று காய்ப் பைக்கு, ஒன்று பலசரக்குப் பைக்கு. சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒன்று, கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுபோகிற பைக்கு. நான்காவது ஆணி வீட்டுக்குள்ளேயே கிடையாது. புறவாசலில், துவைக்கிற கல்லுக்கு மேலே சுவரில் அடித்திருக்கிறது. அது மீன் பைக்கு. மீன் பை நடை தாண்டி உள்ளே வராது. அதில் ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வைக்கமாட்டேன். வாங்கி வந்ததும் மீனைச் சட்டியில் கொட்டிவிட்டு, பையை உப்பும் புளியும் போட்டுத் தேய்த்து, பிழிந்து, அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மறுவேலை.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது திருவனந்தபுரத்துக்கு. என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் வற்றல், மல்லி மொத்த வியாபாரம் பார்த்தார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கடையும் கை மாறிவிட்டது. வீடு மட்டும் இருக்கிறது, நானும் இருக்கிறேன். இது என்ன வெளிநாடா என்று ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். மலைக்கு இந்தப் பக்கம் வந்து பாருங்கள். வந்த புதிதில் கடையில் போய்ச் சீனி கேட்டால், "பஞ்சசாரயோ?" என்று திருப்பிக் கேட்பான். ஆமாம் என்று சொல்லவே எனக்கு ரொம்ப நாள் கூச்சமாக இருந்தது. அங்கே உள்ள வாழ்க்கையை எழுதுங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மெதுவாகத்தான் எழுதுவேன். நீங்களும் மெதுவாகவே வாசியுங்கள்.

இப்போது இங்கே எல்லோர் கையிலும் துணிப் பைதான். பிளாஸ்டிக் பை கூடாது என்று சட்டம். நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பையைத் துவைக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சாலைக் கடைத்தெருவில் காய் வாங்க நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவள் பையை விரிப்பாள். உள்ளே போன வாரத்து மல்லித்தழை கறுத்துக் கூழாகி அடியில் ஒட்டியிருக்கும். அதன்மேல் புதுத் தக்காளியைக் கொட்டுவாள். இன்னொருத்தி காலையில் அயிலை மீன் வாங்கின பையிலேயே மத்தியானம் ரொட்டி வாங்குவாள். எனக்குக் குமட்டும். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். பெரிய கடைகளில் துணி மாதிரி ஒன்று விற்கிறார்கள். தொட்டால் சருகு மிதித்த சத்தம் வரும். அதன்மேல் கடைக்காரன் பேர் பெரிதாக இருக்கும். அவன் கடைக்கு நாம் விலை கொடுத்துத் தண்டோரா போடவேண்டுமாம்.

ஊரை நினைத்து உருகுகிறேன் என்று நினைக்கவேண்டாம். போன தடவை ஒரு சாவுத் துட்டிக்கு அங்கே வந்தேன். கொதிக்கிற சாம்பாரைக் கேரி பையில் ஊற்றி, நூலால் கழுத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பை கையில் மெழுகு மாதிரி இளகிற்று. பந்தலுக்குப் பின்னால் ஒரு பசுமாடு அப்படிப்பட்ட பை ஒன்றைச் சாதத்தோடு மென்றுகொண்டிருந்தது. இலையில் உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை.

நான் எழுதவந்தது வேறு. ஆவணி பிறந்துவிட்டது. என் மகள் வடிவுக்குக் கல்யாணம் நடந்த மாதம். அந்தக் கல்யாணத்துப் பையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

வடிவு எனக்கு ரொம்பப் பிந்திப் பிறந்த மகள். மூத்தவன் துபாயில் இருக்கிறான். ஆம்பிளைத் துணை இல்லாத வீடு, இவள் எப்படிக் கல்யாணம் நடத்திவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைக்கக் காத்திருந்தார்கள். ஒரு குறையும் இல்லாமல் நடத்தினேன். தாம்பூலப் பை உட்பட.

தாம்பூலப் பைக்கு மற்றவர்கள் கொடுக்கிற துணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளக்கைப் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். தேங்காயைப் போட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் காது அறுந்துவிடும். நான் கெட்டிக் காடாத் துணி எடுத்தேன். மஞ்சள் முக்கினது. காதுக்கு இரட்டைத் தையல். அச்சடிக்கிறவனிடம் நேரே போய் உட்கார்ந்தேன்.

"தண்ணியில போட்டா எழுத்து ஓடாம இருக்கணும் தம்பி."

"ஓடாது ஆச்சி. துணி போகும், எழுத்து போகாது" என்றான்.

அந்த வார்த்தையில் எனக்கு அப்போது அவ்வளவு சந்தோஷம்.

ஒரு பக்கம் தமிழில், மேலே பிள்ளையார், அதற்குக் கீழே பெண் பேரும் மாப்பிள்ளை பேரும். மறுபக்கம் அதே பேர்கள் மலையாளத்தில். அக்கம்பக்கத்தார், கடைத்தெருக்காரர்கள் எல்லாம் வருவார்கள் அல்லவா, அவர்களுக்காக. மலையாளத்தில் எனக்கு பஸ் பலகையில் கிழக்கேகோட்டை என்று இருந்தால் தெரியும், அவ்வளவுதான். அச்சாகி வந்த பையை மடியில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தையும் மலையாளப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, எழுத்துக் கூட்டினேன். இத்தனை காலம் இந்த ஊரில் இருந்து மலையாளத்தில் நான் ஒழுங்காக வாசித்த முதல் பேர்கள் அவை.

பிளாஸ்டிக் கூடாது என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. எல்லோரும் துணிப் பைக்கு அலைந்த நேரம். என் பையைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிப்போனார்கள். ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கினார்கள். நானும் வாரி வாரிக் கொடுத்தேன்.

3

மறு ஆடி முடியுமுன் வடிவு திரும்பி வந்துவிட்டாள். மாப்பிள்ளையாக வந்தவனுக்குச் சென்னையில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. ஒரு பெண், ஒரு பிள்ளை. தன் அம்மாவின் வாயை அடைப்பதற்காக என் மகள் கழுத்தில் கட்டியிருக்கிறான். அவன் பேரை நான் இங்கே எழுதமாட்டேன். பையில் எழுதியிருப்பது போதும்.

வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தது. வடிவு கல்யாணத்துக்கு முன்னால் பழவங்காடிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். திரும்பி வந்து, பழையபடி அங்கே போக ஆரம்பித்தாள். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனாள். என் மகள்தானே.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறாள். எதிர் இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பொம்பளை. மடியில் மஞ்சள் பை, அதிலிருந்து இரண்டு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிறது. பையில் வடிவு பேரும் அவன் பேரும். இறங்குகிறவரை அந்தப் பேர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பொம்பளை யார், யார் கொடுத்து அவளுக்குப் பை போயிற்று, யாருக்குத் தெரியும். நல்ல பை ஒரு வீட்டில் நிற்காது. வேலைக்காரிக்குப் போகும், அவள் தங்கைக்குப் போகும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. தெருவில் இறங்குவதை விட்டுவிட்டாள். சன்னலைச் சாத்திவிட்டு போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். கோயிலுக்குக் கூப்பிட்டால், "சாரமில்லை, அம்மா போயிட்டு வா" என்பாள். பரவாயில்லை என்று அர்த்தம். மனசு சரியில்லாவிட்டால் அவளுக்கு மலையாளம்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்தது அது.

அவளைப் பார்ப்பதற்கென்றே வருவாள் செண்பகம் மைனி. என் வீட்டுக்காரரின் அக்காள். பக்கத்துத் தெருதான். வரும்போதெல்லாம் கையில் அந்தப் பைதான். எத்தனையோ பை இருக்க, எங்கள் வீட்டுக்கு வரும்போது அதைத்தான் எடுப்பாள். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பேர் வெளியே தெரிகிற மாதிரி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாள்.

"துணி நல்ல துணி கேட்டியா. ஆளுதான் சரியில்லாமப் போயிட்டான்."

"காப்பி குடிக்கேளா மைனி?"

"குடிப்போம். என்ன ஒழைப்பு ஒழைக்குது இந்தப் பை! அந்தக் கல்யாணம் இதுல பாதி ஒழைச்சிருக்கக் கூடாதா?"

காப்பியில் சீனி போடாமல் கொடுத்தேன். அதையும் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டுப் போனாள். அவள் போனபிறகு அந்த நாற்காலியைத் துடைத்தேன். சில பேர் உட்கார்ந்து எழுந்தால் துடைக்கத்தான் தோன்றுகிறது.

4

இந்த வருஷம் வழக்கு முடிந்தது. லேப் நடத்துகிற டாக்டரம்மா நல்லவர். அவரே போனில் கூப்பிட்டு, "வடிவு, சிங்ஙம் ஒண்ணாந் தேதி முதல் வா. அதுக்கு மேல் என்னால காத்திருக்க முடியாது, வேற ஆள் எடுக்கணும்" என்று சொன்னார். சிங்ஙம் என்றால் நம்முடைய ஆவணி. அப்போது ஆடி நடுவில் இருந்தோம்.

"போறியாட்டி?" என்று கேட்டேன்.

"பாக்கேன்" என்றாள். அவள் பாக்கேன் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். இந்த வேலையும் போனால் அவள் அந்தச் சன்னலைத் திறக்கவே போவதில்லை என்று எனக்குப் பட்டது. நான் இருக்கிறவரை சோறு போடுவேன். பிறகு?

அதற்கிடையில் ரேஷன் கார்டில் அவள் பேரைத் திரும்பச் சேர்க்கவேண்டி இருந்தது. கல்யாணத்தோடு வெட்டிவிட்டார்கள். போன உடன் வெட்டினார்கள், திரும்பச் சேர்க்க நடையாய் நடக்கவேண்டும். இந்தக் காகிதம் இல்லை, அந்த முத்திரை இல்லை, சார் ஊணு கழிக்கப் போயிருக்கிறார். அவர் சோறு உண்டு முடிக்கிற வரை நாங்கள் சுவரில் பாக்குக் கறையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அந்தச் சுவரில் சாய்கிறவர்கள் எப்படித்தான் சாய்கிறார்களோ.

அன்றைக்கு நல்ல மழை. கோர்ட்டுக் காகிதம் எல்லாம் நனையாமல் இருக்க, கெட்டியான பையாகப் பார்த்து எடுத்து, காகிதத்தை உள்ளே வைத்து, குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டேன். ஆணியிலிருந்து எடுக்கிற கை, பழக்கத்தில் எடுத்துவிட்டது. கவுண்டரில் பையை வைத்துக் காகிதத்தை வெளியே எடுக்கிறேன். அந்தக் கிளார்க்குப் பையன் ஒருதரம் காகிதத்தைப் பார்க்கிறான், ஒருதரம் பையைப் பார்க்கிறான்.

"அம்மச்சீ" என்றான் மெதுவாக, "விவாகமோசனம் இவர் ரெண்டு பேருடெயா?"

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எங்கள் வீட்டுப் பலசரக்கு ஆணியிலும் அதுதான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மகளுக்குத் தீர்ந்துபோன கல்யாணத்தின் காகிதத்தை, அதே கல்யாணத்தின் பையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். மேலே பிள்ளையார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தி எட்டிப் பார்த்து, "அய்யோ, ஈ சஞ்சி என்டெ வீட்டிலும் உண்டல்லோ!" என்றாள். இங்கே பைக்குச் சஞ்சி என்று பேர். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி சந்தோஷமாகத்தான் சொன்னாள். வரிசையே சிரித்தது. அந்தப் பையன் சிரிக்கவில்லை, அதற்கு அவன் நன்றாக இருக்கட்டும். காகிதத்தை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டான். நான் பையை உட்புறமாகத் திருப்பி, காகிதத்தை அதில் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். மழையில் நின்றபோது, ஊரில் இருக்கிற அத்தனை பையையும் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

5

துபாயில் இருக்கிறவனிடம் போனில் சொன்னேன். "கிட்டினது எல்லாத்தையும் கத்திச்சு களையம்மா" என்றான். எரித்துவிடச் சொல்கிறான். அவன் பேச்சு இப்போது அப்படித்தான் இருக்கிறது, தமிழும் இல்லாமல் மலையாளமும் இல்லாமல். பிள்ளையார் படம் போட்ட துணியை எரிக்கிறதா? கிழிக்கக்கூடாது, குப்பையில் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும். இந்த ஊரில் ஓடுகிற தண்ணீர் எங்கே இருக்கிறது? சாக்கடைதான் ஓடுகிறது.

வெள்ளைத் துணி எடுத்து, பேர் இல்லாத பைகள் தைத்து வாங்கினேன். குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டேன். முதலில் பக்கத்து வீட்டுச் சாரதா சேச்சி.

"சேச்சி, அந்தப் பழைய மஞ்சள் சஞ்சியைத் தாங்கோ. புதுசு கொண்டுவந்திருக்கேன்."

"எந்தினு? அதினு ஒரு கேடும் இல்லல்லோ."

"பழசாச்சே."

"பழசோ! பத்து கிலோ அரி தூக்கியாலும் பொட்டில்லா, என்டெ சேச்சீ. எனிக்கு அதுதன்னே மதி."

பத்து கிலோ அரிசி போட்டாலும் அறாது, அதுவே போதும் என்கிறாள். நான் புதுப் பையை நீட்டிக்கொண்டே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து விரித்தாள். அப்போதுதான் வாசிக்கிறாள். உதடு அசைகிறது.

"தெய்வமே. வடிவு மோளுடெ... ஞான் இது இதுவரை வாயிச்சிட்டே இல்ல சேச்சீ" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. துவைத்து, நான்காக மடித்து வைத்திருந்த பை. வாங்கிக்கொண்டேன்.

துவைத்த பை என்று எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். மற்ற வீடுகளைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சாப்பிடமாட்டீர்கள். ஒரு வீட்டில் அது நாய்க்குப் படுக்கை. ஒரு வீட்டில் ஸ்கூட்டர் துடைக்கிறார்கள், பிள்ளையார் முகத்தில் கிரீஸ். ஒரு வீட்டில் கதவுக்கு முன்னால் மிதியடியாகக் கிடந்தது. என் மகள் பேரில் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போய், "வாங்கோ, வாங்கோ" என்று என்னை வரவேற்கிறார்கள். இன்னொருத்தி பையை அப்படியே கொடுத்தாள். வாங்கி உள்ளே கை விட்டேன். மீன் செதில், ஈர மண், செத்த கரப்பான். ஆடி மழையில் காயாத துணியின் அந்தப் புளித்த நாற்றம் வேறு. கையை எத்தனை தடவை கழுவினாலும் போகாத நாற்றம். இவர்களைக் கூப்பிட்டா நான் மூன்று பாயசத்தோடு சோறு போட்டேன்?

கடைசியாகச் செண்பகம் மைனி.

"எங்கிட்ட ஒரு கட்டே இருக்கு. எடுத்துட்டுப் போ. எனக்கென்ன."

"தாங்க மைனி."

"தாரேன். நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"என்ன கேப்பாங்க?"

"பை எங்கேன்னு கேப்பாங்கள்லா?"

தராமல்தான் விட்டாள். தந்தது மாதிரி பேசிவிட்டு, சாவி கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

6

கிடைத்ததை எல்லாம் புறவாசலில் பெரிய பானையில் போட்டு, சலவை சோடா போட்டு, அடுப்பு மூட்டிக் காய்ச்சினேன். எழுத்தை எடுத்துவிட்டால் பிறகு அது வெறும் துணி. கம்பால் குத்திக் குத்திப் புரட்டினேன். அழுக்கு நுரை பொங்கி வழிந்தது. மஞ்சள் எல்லாம் இறங்கித் தண்ணீர் கஷாயம் மாதிரி ஆயிற்று. துணி வெளுத்தது. எழுத்து மட்டும் இறங்கவில்லை. வெளுத்த துணியில் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு கொதிக்கும் ஒரு வடிவு மேலே வருகிறாள், கூடவே அவனும் வருகிறான். அமுக்கினால் இன்னொரு ஜோடி வருகிறது.

நிமிர்ந்து பார்த்தால் நடையில் வடிவு நிற்கிறாள்.

"செண்பகத்தத்தை போன் பண்ணினா" என்றாள். "நீ வீடு வீடாப் போயி எம் பேரை வாங்கிட்டு வாறியாமே?"

"ஆமா. கண்டவ கையில கிடக்கணுமா எம் பிள்ளை பேரு?"

"கண்டவளுக்கு அது வெறும் சஞ்சிம்மா. உருளக்கிழங்கு போடுத சஞ்சி. நீ போயிக் கேட்டப்புறந்தான் எல்லாரும் திருப்பிப் பாக்குதாங்க. வாயிக்காதவங்களையும் வாயிக்க வச்சுட்டே."

"பஸ்ல பாத்துட்டு வந்து அழுதது யாரு?"

"நான்தான். நான் அழுதேன், எனக்கு அழணும்போல இருந்திச்சு. அதுக்கு நீ போயிப் பிச்சை எடுப்பியா? மதி. மதிம்மா. எனிக்கு நாணக்கேடு அவனால இல்ல. உன்னால!"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். வேறு எந்தத் தாய் செய்வாளோ செய்யமாட்டாளோ, நான் செய்தேன். ஆனால் அவள் சொன்னதில் ஒன்று உண்மை. சாரதா சேச்சியின் உதடு அசைந்தது நான் கேட்டபிறகுதான். அடுப்பை அணைத்தேன். பைகளை எடுத்துப் பிழிந்து, புறவாசல் கொடியில் வரிசையாகப் போட்டேன். கொடியில் வெளுத்த கல்யாணம் தொங்குகிற மாதிரி இருந்தது. அவள் வேலைக்குப் போகப்போவதில்லை, நானே அந்தக் கதவையும் அடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

7

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. நான் எழுந்து வந்து பார்க்கிறேன், வடிவு அறை திறந்து கிடக்கிறது. ஆளைக் காணோம். செருப்பைக் காணோம். கொடியில் ஒரு பை குறைகிறது. வாசலுக்கும் புறவாசலுக்கும் நடந்தேன். சாரதா சேச்சியைக் கூப்பிடலாமா என்று யோசித்தேன். கூப்பிட்டால் அதற்கும் கோபப்படுவாளோ என்று நின்றேன்.

வெயில் முற்றத்துக்கு வந்த நேரத்தில் அவள் வந்தாள். தெருவோடு, எல்லோரும் பார்க்க, தோளில் அந்தப் பையைப் போட்டுக்கொண்டு வருகிறாள். பேர் வெளியே தெரிகிறது. பையின் அடியிலிருந்து என்னவோ சொட்டுகிறது. கிட்டே வரும்போதே நாற்றம் வந்துவிட்டது.

"ஏட்டி, என்னது அது?"

"சாளை. பச்சைப் பிடிப்பு. நல்ல முழிச்சுப் பாக்குது, பாரு."

"கல்யாணப் பையிலயா மீன் வாங்கினே? பிள்ளையார் இருக்கிற பையில! ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"பிள்ளையார் எங்க இருக்காரு? நல்லாப் பாரு."

பார்த்தேன். பேருக்கு மேலே பிள்ளையார் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. பிரியாமல் இருக்க ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைத்திருக்கிறாள். அந்தச் சன்னல் வழியாக ஒரு சாளை தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"அவரை எடுத்துச் சாமி அலமாரியில வச்சாச்சு. இனி இது துணிதானே? உன் மீன் பை கிழிஞ்சு எத்தனை நாளாச்சு!"

அந்த மாதிரி ஒரு வழி இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"யாராவது என்னமாவது கேட்டாங்களா?" என்றேன்.

"மீன்காரி கேட்டா. சஞ்சியை விரிச்சுப் பிடிச்சு வாயிச்சா. 'ஆரா மோளே ஈ வடிவு?'ன்னா. 'ஞானா'ன்னேன். 'மற்றவனோ?'ன்னா. 'போயி'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'போட்டே. சாளை எத்ர வேணும்?'ன்னா."

போனால் போகட்டும் என்றாளாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. எனக்கு மீன் நாற்றத்தில் தலை சுற்றிக்கொண்டிருந்தது. சிரிக்கவும் வந்தது, அருவருப்பாகவும் இருந்தது. பையை நடைக்கு வெளியிலேயே வாங்கி, மீனைச் சட்டியில் கொட்டினேன். மீன் தண்ணீர் அவன் பேரில் ஊறி, செதில் இரண்டு அதன்மேல் ஒட்டியிருந்தது. வடிவு பேரிலும்தான். அதைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் கழுவினாப் போயிரும்" என்றாள்.

போகவில்லை. உப்புப் போட்டேன், புளி போட்டேன், கல்லில் அடித்தேன். நாற்றமும் போகவில்லை, பேரும் போகவில்லை. அச்சடித்தவன் சொன்ன சொல் தவறாதவன். பழைய மீன் பையைக் கழற்றி எறிந்துவிட்டு, புறவாசல் ஆணியில் இதை மாட்டினேன்.

சாமி அலமாரியில் இப்போது சதுரம் சதுரமாகப் பிள்ளையார்கள் அடுக்கி இருக்கிறார்கள். கொடியில் கிடந்த பைகளை எல்லாம் வடிவு வெட்டிவிட்டாள். சில பிள்ளையார்களுக்கு இன்னும் கிரீஸ் போகவில்லை. தினமும் பூ வைக்கும்போது தேய்த்துப் பார்க்கிறேன். நேற்றுச் செண்பகம் மைனி வந்தாள். வடிவு அவள் மடியிலிருந்து பையை எடுத்து, "அத்தை, ஒரு நிமிஷம், பிள்ளையாரை எடுத்துத் தாறேன், நீங்களும் மீன் வாங்கலாம்" என்று கத்திரிக்கோலோடு போய்விட்டாள். மைனி காப்பி குடிக்காமல் போனாள்.

ஆவணி முதல் தேதி வடிவு லேபுக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். தெருமுனை வரை போனவள் திரும்பி வந்தாள். என்னவோ ஏதோ என்று படி இறங்கினேன். அவள் என்னைத் தாண்டி, வீட்டைச் சுற்றிக்கொண்டு, புறவாசலுக்குப் போனாள். ஆணியிலிருந்து பையை எடுத்துச் சுருட்டிக் கைப்பைக்குப் பக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வரும்போது அயிலை கிடைச்சா வாங்கட்டுமா?"

"ஏட்டி, அதை உன் சோத்துப் பாத்திரத்து மேல படாமக் கொண்டுபோ" என்றேன்.